நொடிக்கு இருபது தோட்டா: எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது, அதை எப்படிக் கையாண்டார்கள்

சினிமாவில் இந்தக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். நாயகன் ஒரு பெரிய இயந்திரத் துப்பாக்கியை இடுப்போடு அணைத்துப் பிடித்திருப்பான். தோட்டா பெல்ட் தோளிலிருந்து மாலை மாதிரி தொங்கும். விசையை அழுத்துவான். இரண்டு நிமிடம் நிற்காமல் சுடும். தோளில் கிடந்த பெல்ட் மட்டும் குறையவே குறையாது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய எம்ஜி 42 நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டாக்களைச் சுடும். இரண்டு நிமிடத்துக்கு 2,400. அதன் தோட்டா ஒன்றின் எடை ஏறக்குறைய 27 கிராம். பெருக்கிப் பாருங்கள், 65 கிலோ வருகிறது. அதாவது அந்த நாயகன் இன்னொரு ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதோடு முடியவில்லை. துப்பாக்கியின் குழலைப் பத்துத் தடவையாவது மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் அது சுடுவதற்கே லாயக்கில்லாமல் போயிருக்கும்.

இந்த இரண்டும்தான், தோட்டாவின் எடையும் குழலின் சூடும்தான், இந்த ஆயுதத்தைப் பற்றிய எல்லாவற்றையும் தீர்மானித்தன. எத்தனை பேர் கூட இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் சுடலாம், எப்படிப் படுக்க வேண்டும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. இயந்திரத் துப்பாக்கி பற்றி நம்மிடையே பேச்சு நிறைய உண்டு. இந்த அடிப்படையைச் சொல்பவர்கள் குறைவு. அதனால் ஒரே ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

"இலகு" என்றால் எடை குறைந்தது என்று அர்த்தமா?

முதல் குழப்பமே பெயரில்தான். இலகு இயந்திரத் துப்பாக்கி, சுருக்கமாக எல்.எம்.ஜி. கேட்டதும் கையில் லேசாக இருக்கும் என்று தோன்றும். எம்ஜி 42, அதைத் தரையில் ஊன்றும் முன்கால்களோடு சேர்த்து 11.6 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதே படையில் மற்ற வீரர்கள் வைத்திருந்த ரைஃபிள் நான்கு கிலோதான்.

பிறகு ஏன் இலகு? எதோடு ஒப்பிட்டு இலகு என்று பார்க்க வேண்டும். 1884-இல் ஹைரம் மாக்சிம் முதல் முழுத் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். அதன் வழியில் வந்த ஜெர்மன் எம்ஜி 08, முதல் உலகப்போரில் தாங்கியோடும் தண்ணீரோடும் சேர்த்து 60 கிலோவுக்கு மேல் இருந்தது. தண்ணீர் எதற்கு என்றால், குழலைச் சுற்றி ஒரு தகர உறை, அதில் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர். கார் ரேடியேட்டர் மாதிரிதான், சூட்டைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். அதை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆகவே அதே துப்பாக்கியைக் குறுக்கி, தோளில் வைத்துச் சுடும் கட்டையும் இரண்டு முன்கால்களும் பொருத்தி, எம்ஜி 08/15 என்று கொண்டுவந்தார்கள். அதுவும் ஏறக்குறைய 20 கிலோ. அதைத்தான் இலகு என்றார்கள். 60-க்குப் பக்கத்தில் 20 இலகுதானே. (இந்தத் துப்பாக்கியின் பெயரிலுள்ள எண், "நுல்-ஆக்ட்-ஃபுன்ஃப்ட்சேன்", அதாவது சுழி-எட்டு-பதினைந்து, என்பது ஜெர்மன் பேச்சில் "சாதாரணமான சரக்கு" என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது.)

எம்ஜி 42-ஐப் பொறுத்தவரை இலகு, கனரகம் என்ற பிரிவு துப்பாக்கியில் இல்லை, அதை எதன்மேல் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டு முன்கால்களில் ஊன்றினால் இலகு. ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள மூன்று கால் தாங்கியில் பூட்டி, தொலைநோக்கி வைத்தால் அதே துப்பாக்கி கனரகம். ஒரே ஆயுதம் இரண்டு வேலைக்கும் ஆவதைப் பொதுப்பயன் இயந்திரத் துப்பாக்கி என்பார்கள். இந்த யோசனையை நடைமுறையில் நன்றாகச் செய்து காட்டியவர்கள் ஜெர்மானியர்கள்தான். முதலில் எம்ஜி 34, அப்புறம் எம்ஜி 42.

பெல்ட்: மாலை இல்லை, கிளிப் வரிசை

சாதாரணத் துப்பாக்கியில் தோட்டாக்கள் மேகசின் என்ற பெட்டிக்குள் அடுக்கி இருக்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் ஒவ்வொன்றாக மேலே தள்ளும். அதே போரில் பிரிட்டிஷ் படைகளும், போருக்குப் பின் நெடுங்காலம் இந்திய ராணுவமும் பயன்படுத்திய பிரென் எல்.எம்.ஜி இந்த வகை. தலைக்கு மேல் வளைந்து நிற்கும் மேகசினில் 30 தோட்டா பிடிக்கும். தீர்ந்ததும் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும்.

பெல்ட்டில் அந்தப் பெட்டி கிடையாது. தோட்டாக்கள் பக்கவாட்டில் வரிசையாகக் கோத்து வரும். பழைய பெல்ட்டுகள் துணியால் ஆனவை. மழையில் நனைந்தால் சுருங்கும், தோட்டாவை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எம்ஜி 42-இன் பெல்ட் உலோகம். சட்டைப் பாக்கெட்டில் பேனாவைக் கிளிப்பில் மாட்டுகிறோமே, அதுபோல ஒவ்வொரு தோட்டாவையும் ஒரு பக்கம் திறந்த சின்ன உலோகக் கவ்வி பிடித்துக்கொண்டிருக்கும். கவ்விகளைக் குட்டிக் கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று இணைக்கும். கவ்வி ஒரு பக்கம் திறந்திருப்பதால், பின்னாலிருந்து தள்ளினால் தோட்டா நேராக முன்னால் நழுவி வெளியே வந்துவிடும். பழைய மாக்சிம் வகைகளில் முதலில் பின்பக்கமாக உருவி எடுத்து, கீழே இறக்கி, மறுபடி முன்னால் தள்ள வேண்டும். இங்கே ஒரே தள்ளு. ஒரு வேலை மிச்சம் என்பது இந்த வேகத்தில் பெரிய விஷயம்.

ஒரு பெல்ட் துண்டு 50 தோட்டா. துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, 250 அல்லது 300 தோட்டா கொண்ட பெட்டிகளில் மடித்து வைத்திருப்பார்கள். நகர்ந்துகொண்டே சுட வேண்டும் என்றால் 50 தோட்டாவைச் சுருட்டி வைக்கும் வட்டமான டப்பா ஒன்றைத் துப்பாக்கியின் இடப்பக்கம் மாட்டுவார்கள். பெல்ட் தரையில் இழுபட்டு மண் ஏறாமல் இருக்க இது அவசியம். மண் ஒட்டிய பெல்ட்தான் துப்பாக்கி சிக்கி நிற்பதற்கு வழக்கமான காரணம். தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு அலைவது படம் எடுப்பதற்கு அழகு, துப்பாக்கிக்கு நல்லதில்லை.

இதுவரை பார்த்தது: இலகு என்பது எடையைவிடப் பயன்பாட்டைக் குறிக்கும் சொல். பெல்ட் என்பது ஒரு பக்கம் திறந்த கவ்விகளின் சங்கிலி. தோட்டா அதிலிருந்து முன்பக்கமாகத் தள்ளி எடுக்கப்படுகிறது.

ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு

இப்போது உள்ளே போகலாம். விசையை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

தோட்டாவை முதலில் பிரித்துக்கொள்வோம். முன்னால் பறந்து போவது குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளை அல்லது எஃகுக் குப்பி, கூடு. கூட்டுக்குள் வெடிமருந்து. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தோட்டா. எம்ஜி 42-இன் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 7.92 என்று பெயர்.

துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் எஃகுக் கட்டை ஒன்று உண்டு. அதன் பெயர் போல்ட். போல்ட் முன்னால் வரும்போது பெல்ட்டிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்வாயில் செருகும். அங்கேயே பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் வெடிப்பின் அழுத்தம் சுடுபவரின் முகத்தை நோக்கி வந்துவிடும். இந்தப் பூட்டு எப்படி என்று புரிய வீட்டிலுள்ள இரும்புப் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் திருப்பினால் மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ் வெளியே நீண்டு சட்டத்துக்குள் நுழையும் இல்லையா? எம்ஜி 42-இல் தாழுக்குப் பதில் இரண்டு சின்ன உருளைகள். போல்ட்டின் தலையிலிருந்து இரு பக்கமும் வெளியே தள்ளப்பட்டு, குழலின் பின்பகுதியிலுள்ள பள்ளங்களில் போய் உட்காரும். குழலும் போல்ட்டும் அந்தக் கணத்தில் ஒரே உடம்பு.

வெடிக்கிறது. குண்டு முன்னால் போகிறது. படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னால் நகருமே, அதேபோலக் குழலும் போல்ட்டும் சேர்ந்தே கொஞ்ச தூரம் பின்னால் நகரும். இதைப் பின்னுதைப்பு என்கிறோம். குழலின் முனையில் ஒரு கூம்பு வடிவ மூடி இருக்கிறது. வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை அது தடுத்து, குழலை இன்னும் வேகமாகப் பின்னால் உதைக்க வைக்கிறது. இந்த வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பின்னால் நகர்ந்ததும் உருளைகள் உள்ளே அமுங்கும், பூட்டு திறக்கும். குழல் நின்றுவிடும், போல்ட் மட்டும் தொடர்ந்து ஓடும். போகிற போக்கில் காலிக் கூட்டை இழுத்துக் கீழ்ப்பக்கமாக வெளியே எறியும். பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். மறுபடி முன்னால் வரும், மறுபடி ஒரு தோட்டா. இந்த முழு ஓட்டமும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முடிகிறது.

சரி, பெல்ட்டை யார் நகர்த்துவது? இங்கேதான் இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

தையல் மெஷினில் கிடைக்கும் பதில்

தையல் மெஷினில் துணியைக் கையால் இழுப்பதில்லை. ஊசி மேலேயும் கீழேயும் போகிறது, அதே அசைவு அடியிலிருக்கும் பற்களை ஓட்டி, துணியை ஒரு தையல் தூரம் நகர்த்துகிறது. அம்மா மிதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி போவது ஒரு திசை, துணி போவது வேறு திசை, இரண்டையும் ஓட்டுவது ஒரே கால்தான் என்று வியந்தது நினைவிருக்கிறது. பெல்ட் ஊட்டும் பொறி அதே யோசனைதான்.

எம்ஜி 42-இன் மேல்மூடியைத் திறந்தால் உள்ளே நீளமான வளைந்த கை ஒன்று தெரியும். அதில் ஒரு பள்ளம் ஓடுகிறது, நேராக அல்ல, வளைந்து. போல்ட்டின் மேல்பக்கத்தில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கிறது, அது இந்தப் பள்ளத்துக்குள் ஓடும். போல்ட் நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகும்போது, குமிழ் வளைந்த பள்ளத்தைத் தள்ளுவதால் கை இடமும் வலமும் ஆடுகிறது. கையின் மறுமுனையில் நகங்கள் போன்ற கவ்விகள். அவை பெல்ட்டைப் பிடித்து இழுக்கின்றன.

இதிலும் ஒரு நுட்பம். நகங்கள் இரண்டு தொகுதி. போல்ட் பின்னால் போகும்போது ஒரு தொகுதி பெல்ட்டைப் பாதித் தூரம் நகர்த்தும், முன்னால் வரும்போது மற்றது மீதிப் பாதியை நகர்த்தும். ஒரே வெட்டில் முழுத் தூரம் இழுத்தால் பெல்ட் அதிரும், கிழியும். பாதி பாதியாக இழுத்தால் ஓட்டம் மென்மையாக இருக்கும். இந்த ஊட்டும் முறை அவ்வளவு நன்றாக அமைந்ததால் போருக்குப் பின் அமெரிக்காவின் எம்60, பெல்ஜியத்தின் எஃப்என் மேக் என்ற இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டும் இதையே எடுத்துக்கொண்டன. எஃப்என் மேக் இந்திய ராணுவத்திலும் இருக்கிறது. அதன் மூடிக்குள்ளும் இந்தத் தையல் மெஷின் தத்துவம்தான் ஓடுகிறது.

எம்ஜி 42-ஐச் செய்ததும் ஆயுதப் பரம்பரை இல்லாத கைகள்தான். ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில் டோபெல்ன் ஊரிலிருந்த க்ரோஸ்ஃபுஸ் நிறுவனம் தகடும் அரக்கு பூசிய உலோகப் பொருட்களும் செய்துவந்தது. அதன் பொறியாளர் வெர்னர் க்ரூனருக்குத் துப்பாக்கி அனுபவம் கிடையாது, தகட்டை அச்சில் அழுத்தி வடிவமாக்கத் தெரியும். கட்டியான இரும்பைக் கடைந்து கடைந்து செய்த எம்ஜி 34-க்குப் பதிலாக, தகட்டை மடித்து, புள்ளி வெல்டிங் வைத்து இதை உருவாக்கினார்கள். எம்ஜி 34-க்கு ஆன உழைப்பு நேரத்தில் ஏறக்குறைய பாதியில் இது தயாரானது. நான்கு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

விசையை விட்டதும் போல்ட் எங்கே நிற்கிறது?

பலர் தவறாக நினைப்பது இதை. சாதாரண ரைஃபிளில் சுடத் தயாராக இருக்கும்போது தோட்டா குழலுக்குள் இருக்கும், போல்ட் மூடியிருக்கும். எம்ஜி 42-இல் தலைகீழ். தயார் நிலையில் போல்ட் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும், குழல் காலியாக இருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடும், போல்ட் பாய்ந்து வந்து தோட்டாவைச் செருகி அப்போதே வெடிக்க வைக்கும். விசையை விட்டால் போல்ட் மறுபடி பின்னால் போய்க் கொக்கியில் நிற்கும். இதைத் திறந்த போல்ட் என்பார்கள்.

ஏன் இப்படி? சூடுதான் காரணம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் விட்ட மாவு வெந்துவிடுகிறது இல்லையா? நிறையச் சுட்ட குழலும் அப்படித்தான். கொதிக்கும் குழலுக்குள் ஒரு தோட்டாவை மூடி வைத்தால், யாரும் விசையைத் தொடாமலே அது வெடித்துவிடும். திறந்த போல்ட்டில் சுடாத நேரத்தில் உள்ளே தோட்டா இல்லை, இரு பக்கமும் திறந்த குழல் வழியே காற்றும் போய்வரும்.

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. போல்ட் பின்னால் நிற்க, பெல்ட் மாட்டியிருக்க, ஏதோ காரணத்தால் கொக்கி நழுவினால் போதும், தோட்டா வெடிக்கும். ஆகவே "உள்ளே தோட்டா இல்லை, குழல் காலி" என்ற நம்பிக்கையில் அலட்சியமாக நடந்தவர்கள் விபத்தைச் சந்தித்தார்கள். திறந்த போல்ட் துப்பாக்கியில் குழல் காலியாக இருப்பது பாதுகாப்புக்கான அடையாளமே இல்லை.

சுருக்கமாக: பின்னுதைப்பு குழலையும் போல்ட்டையும் ஓட்டுகிறது, போல்ட்டின் ஓட்டம் பெல்ட்டை நகர்த்துகிறது, ஓய்வில் போல்ட் பின்னால் திறந்தே நிற்கிறது.

குழல் மாற்றும் அந்த ஏழு நொடி

தண்ணீர் உறையைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி லேசாகும், ஆனால் சூடு எங்கே போகும்? எம்ஜி 42-இன் விடை எளிமையானது. குழலைக் குளிர வைக்க முயலாதே, மாற்றிவிடு. விடாமல் சுட்டால் 150 முதல் 250 தோட்டாவுக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். நொடிக்கு இருபது என்றால் அது எட்டிலிருந்து பன்னிரண்டு நொடி. மாற்றாமல் தொடர்ந்தால் குழலுக்குள் ஓடும் திருகு வரிகள் தேய்ந்து அழியும். குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்புபவை அந்த வரிகள்தான். அவை போய்விட்டால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பக்கத்தில் போய்ப் பார்ப்போம். குழலைச் சுற்றி ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டு உறை, அதன் வலப்பக்கம் முழு நீளத்துக்கும் ஒரு திறப்பு. சுடுபவர் போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, பாதுகாப்புப் பொத்தானை அழுத்துகிறார். இரண்டாம் ஆள் வலப்பக்கமுள்ள தாழ்ப்பாளைத் தட்டித் திறக்கிறார். குழலின் பின்முனை வலப்பக்கம் வெளியே வந்து நிற்கிறது. துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்தால் குழல் நழுவி வரும். அதை வெறுங்கையால் பிடித்தால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று கல்நார் வைத்த துணிப் பட்டை ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருப்பார்கள். அதில் பிடித்து இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, புதிய குழலை முன்முனை முதலில் செருகி, பின்முனையை உள்ளே தள்ளி, தாழ்ப்பாளை மூடுகிறார். பழகிய கைகளுக்கு ஐந்து முதல் ஏழு நொடி. கழற்றிய குழலைக் கண்ட இடத்தில் போட முடியாது. காய்ந்த புல் பற்றிக்கொள்ளும், மண் ஏறினால் அடுத்த முறை உள்ளே போகாது. ஆறியதும் அதே குழல் மறுபடி உள்ளே போக வேண்டும். மாற்றுக் குழலை வைக்கத் தனித் தகரக் கூண்டு ஒன்றைத் தோளில் சுமந்தார்கள்.

இந்த ஏழு நொடியும் துப்பாக்கி ஊமை. எதிரியும் அதற்காகத்தான் காத்திருப்பான்.

எப்படிச் சுட்டார்கள்

1,200 என்ற எண் பெட்டிக்கு மேலே எழுதும் எண். நடைமுறையில் யாரும் அப்படிச் சுடவில்லை. முன்கால்களில் ஊன்றிச் சுடும்போது ஐந்து முதல் ஏழு தோட்டா வரை ஒரு கொத்து, அவ்வளவுதான். விரலை அழுத்தி உடனே எடுப்பது. அதற்கு அரை நொடிகூட ஆகாது. பிறகு மறுபடி குறி பார்த்து அடுத்த கொத்து. இப்படி நிமிடத்துக்குச் சுமார் 150 தோட்டாதான் போகும். எட்டில் ஒரு பங்கு!

காரணம் சூடு மட்டுமல்ல. நொடிக்கு இருபது முறை தோளில் உதை விழும்போது துப்பாக்கி நகர்ந்துகொண்டே போகும். முதல் ஐந்தாறு குண்டுக்குப் பின் மீதி எல்லாம் வானத்துக்கோ பக்கத்து வயலுக்கோதான். அதனால் படுத்துச் சுடுவார்கள். கட்டையைத் தோளில் இறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, முன்கால்கள் மண்ணில் ஊன்றும்படி அழுத்தி, இடக்கையால் கட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி குதிக்கும். எம்ஜி 34-இல் ஒற்றைத் தோட்டா சுட விசையில் தனி இடம் இருந்தது. எம்ஜி 42-இல் அதுவும் கிடையாது, எல்லாமே கொத்துதான். விரலின் பக்குவம்தான் கட்டுப்பாடு.

இடுப்பில் வைத்துச் சுட்டார்களா? தோளில் வார் மாட்டி, நடந்துகொண்டே சுடுவது பயிற்சியில் இருந்தது, நெருக்கடியில் செய்தார்கள். குறி பார்க்க முடியாது என்பதால் அது எதிரியைத் தலை குனிய வைக்க மட்டும் உதவும். நின்று சுட வேண்டிய இடத்தில், ஒருவர் தோளில் குழலை வைத்து அடுத்தவர் சுடும் பழைய புகைப்படங்கள் உண்டு. தாங்கிக் கொடுப்பவரின் காது என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொடிக்கு பத்து வெடி என்றால் காது ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கும். இருபதை நெருங்கும்போது வெடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புதுத்துணியை நீளமாகக் கிழிப்பது மாதிரி ஒரே இழுப்பாகக் கேட்கும் என்று எதிரே இருந்தவர்கள் சொன்னார்கள். இந்தச் சத்தம் அமெரிக்க வீரர்களை அவ்வளவு கலக்கியது. பயத்தைத் தெளிய வைக்க அமெரிக்க ராணுவம் பயிற்சிப் படமே எடுத்துக் காட்டியது. 1944-இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியவர்கள் கேட்டதும் இதைத்தான். எத்தனையோ இளைஞர்கள் கடைசியாகக் கேட்ட ஒலி அது என்பதை, பொறியின் நேர்த்தியைப் பேசும்போது மறக்கக் கூடாது.

மூன்று பேருடைய துப்பாக்கி

இது ஒரு ஆளின் ஆயுதம் அல்ல என்பதற்கு மறுபடி கணக்கே போதும். 250 தோட்டா என்றால் தோட்டா மட்டும் ஏழு கிலோவுக்கு அருகில். உலோக பெல்ட்டும் பெட்டியும் தனி. அது விடாமல் சுட்டால் பன்னிரண்டரை நொடியில் காலி.

ஜெர்மன் ராணுவத்தில் இவர்களுக்கு எண் வைத்தே பெயர். முதல் ஆள் சுடுபவர். துப்பாக்கியும் கருவிப் பையும் அவரிடம். இரண்டாம் ஆள் இடப்பக்கம் படுத்து பெல்ட்டைக் கையில் ஏந்தி, மடியாமல் முறுக்காமல் நேராகப் போகும்படி ஊட்டுவார், குழலும் மாற்றுவார். முதல் ஆள் விழுந்தால் இவர்தான் சுட வேண்டும். மூன்றாம் ஆள் பின்னாலிருந்து பெட்டிகளைக் கொண்டுவருவார். இது போதாதென்று குழுவிலிருந்த ரைஃபிள்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பெல்ட் சுமந்தார்கள். பல படைகளில் ரைஃபிள்காரர்கள்தான் குழுவின் மையம், இயந்திரத் துப்பாக்கி அவர்களுக்குத் துணை. ஜெர்மன் குழுவில் மாறாக, துப்பாக்கிதான் மையம், மற்றவர்கள் அதைக் காப்பதற்கும் அதற்குத் தீனி போடுவதற்கும்.

இந்த வேகம் தேவைதானா?

எதிரி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடும் இரண்டு நொடிதான் கண்ணில் படுவான், அந்த இரண்டு நொடியில் முடிந்தவரை அதிகக் குண்டு அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது ஜெர்மன் வாதம். நிமிடத்துக்கு 500 சுடும் பிரெனை வைத்திருந்தவர்கள், நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டால் தோட்டாவும் குழலும் மிச்சம் என்றார்கள். என் பார்வையில், தோட்டா தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும் வரை ஜெர்மன் வாதம் நிற்கும். வழங்கல் அறுந்துபோனால் பிரென்தான் கைகொடுக்கும். போருக்குப் பின் இதே துப்பாக்கியைத் தொடர்ந்து வைத்துக்கொண்ட இத்தாலியும் ஆஸ்திரியாவும் கனமான போல்ட்டைப் போட்டு வேகத்தைக் குறைத்தன. மேற்கு ஜெர்மனி 7.62 தோட்டாவுக்கு மாற்றி எம்ஜி 3 என்று பெயர் வைத்தாலும் வேகத்தை விடவில்லை.

போர் நடக்கும்போதே அமெரிக்கா இதை நகலெடுக்கப் பார்த்தது. அவர்களுடைய தோட்டாக் கூடு 63 மில்லிமீட்டர், ஜெர்மன் கூடு 57. அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப உள்ளே இடத்தை நீட்டாமல் விட்டார்கள். மாதிரித் துப்பாக்கி திரும்பத் திரும்பச் சிக்கியது, திட்டம் கைவிடப்பட்டது. நொடிக்கு இருபது முறை நடக்கும் ஓட்டத்தில் ஆறு மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை.

தோட்டாவை அகற்றுவது

கடைசியாக, சுட்டு முடித்ததும் செய்வது. திறந்த போல்ட் பற்றி மேலே சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது, வரிசை மாறக் கூடாது. குழல்முனை ஆள் இல்லாத திசையைப் பார்க்க வேண்டும். இழுப்புக் கைப்பிடியால் போல்ட்டைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, பாதுகாப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகுதான் மேல்மூடி. மூடியைத் தூக்கி, பெல்ட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெல்ட் கிடந்த தட்டில் ஒற்றைத் தோட்டா எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் குனிந்து குழலின் பின்வாயைக் கண்ணால் பார்ப்பது, இருட்டு நேரம் என்றால் சூடு ஆறிய பிறகு விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. எல்லாம் காலி என்று உறுதியான பின்பு, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதுகாப்பை எடுத்து, விசையை அழுத்தி, போல்ட்டைப் பாயவிடாமல் மெல்ல முன்னால் கொண்டுபோய் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி மூடப்படும்.